கொடியை அவிழ்த்தது யார்?

"யார் அவிழ்த்தது?"

அப்பாவின் குரல் கடையில் புறப்பட்டு, நடுவறையைத் தாண்டி, சமையலறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"எதைங்க?"

"கொடியை! நேத்து சாயங்காலம் எவ்வளவு அழகா சுத்தி வெச்சேன்! வந்து பாரு, மூணும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது!"

பெரியவள் வாய் நிறையப் பற்பசை நுரையோடு ஓடினாள். அவளுக்குப் பத்து வயதுதான். ஆனாலும் தங்கை பிறந்த நாளிலிருந்து வீட்டில் அவள் பெரியவள். தங்கைக்கு ஐந்து வயது. அவளை நண்டு என்று கூப்பிடுவார்கள். எது கண்ணில் பட்டாலும் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து இழுத்துப் பார்த்தால் வேறு என்ன பெயர் வரும்?

அப்பா மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. தண்ணீர் இறைக்கிற மோட்டார், மாவு அரைக்கிற மோட்டார், மரம் அறுக்கிற மோட்டார் எல்லாம் உள்ளே கருகிப்போய் வந்து சேரும். அப்பா கருகின கம்பியைப் பிடுங்கி எறிவார். கைப்பிடி வைத்த இயந்திரத்தில் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றுவார். எண்பது சுற்று என்றால் எண்பது. எழுபத்தொன்பதும் இல்லை, எண்பத்தொன்றும் இல்லை. பிறகு அதை உள்ளே செருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால் மோட்டார் மறுபடியும் உறுமும்.

"இருபது வருஷமா சுத்தறேன். என் கை சுத்தினது அவிழ்ந்ததே கிடையாது!" என்றார் அப்பா.

கொடி நண்டுவினுடையது. சமையலறை டப்பாவிலிருந்து அவள் கிள்ளி எடுத்த பீன்ஸ் விதைகளில் மூன்று முளைத்திருந்தன. அப்பாவே பழைய மோட்டார் கூடு ஒன்றில் மண் நிரப்பிக் கொடுத்தார். தண்ணீர் வடிய ஓட்டைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. மோட்டாரின் தண்டு போகிற ஓட்டை ஏற்கெனவே இருந்தது. கடை வாசலில் அதை வைத்து, ஜன்னல் கம்பியிலிருந்து மூன்று நூல்களைத் தறியில் கட்டினது போல விறைப்பாக இழுத்துக் கட்டினார். தினமும் சாயங்காலம் கடையை மூடும்போது மூன்று கொடிகளையும் நூலில் சீராகச் சுற்றிவிடுவார்.

தினமும் காலையில் அவை அவிழ்ந்து கிடந்தன. இன்றோடு நான்காவது நாள்.

"நண்டு!"

நண்டு வந்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"கையைக் காட்டு. இது என்ன பச்சை?"

"தடவினேன்."

"எதைத் தடவினே?"

"இலையை. தினமும் தடவுவேன். அதுக்குப் பிடிக்கும்."

"தடவினியா, அவிழ்த்தியா?"

"தடவினேன்."

"போன வாரம் செம்புக் கம்பிச் சுருளை வாசல்லேர்ந்து குளியலறைவரைக்கும் அவிழ்த்தது யாரு?"

"நான்தான்!" என்றாள் நண்டு, பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

"அம்மாவோட ஸ்வெட்டர்?"

"நான்தான்! ஒரு கை பூரா!"

"அப்ப கொடியை அவிழ்த்தது?"

"நான் இல்ல."

அப்பாவின் முகம் சுருங்கியது. "அவிழ்த்ததுகூடப் பரவால்லம்மா. பொய் சொல்ற பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல."

"நான் இல்லப்பா."

"சரி. உண்மையைச் சொல்ற வரைக்கும் கடைக்குள்ள வராதே."

கடைக்குள் நண்டுவுக்கு ஒரு வேலை இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் உட்கார்ந்து, காயிலை இறுக்கிச் செருகும் மூங்கில் குச்சிகளைத் தன் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது. அப்பா கை நீட்டினால் போதும், பார்க்காமலே குச்சி கைக்கு வரும். அந்தப் பெட்டியில் வேறு யாரையும் அவள் உட்கார விட்டதில்லை.

ஆனாலும் அவள் 'நான்தான்' என்று சொல்லவில்லை. திரும்பி உள்ளே நடந்தாள்.

அதுதான் பெரியவளுக்கு உறுத்தியது.

"அம்மா," என்றாள் அவள் சமையலறையில். "நண்டு என்னைக்காவது 'நான் இல்ல'ன்னு சொல்லியிருக்காளா?"

அம்மா தலையில் கிளிப் குத்திக்கொண்டே யோசித்தாள். "பக்கத்து வீட்டுப் பையன் உடைச்ச கண்ணாடியைக்கூட 'நான்தான்'னு போய்ச் சொன்னவ அவ."

"அப்ப இப்ப மட்டும் ஏன் பொய் சொல்லணும்?"

"அப்பாகிட்ட கேளு."

"அப்பா கோவமா இருக்காரு. வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாரு."

"அப்ப வாயால சொல்லாதே," என்று பையை மாட்டிக்கொண்டு ஓடினாள் அம்மா. அவள் மருத்துவமனையில் நர்ஸ். ஓடிக்கொண்டேதான் எதையும் சொல்வாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு அன்றும் வேலை. கடைக்குள் வரக்கூடாது, வீட்டில் தனியாக இருக்கவும் முடியாது என்பதால், நண்டுவைக் காலையிலேயே சித்தி வீட்டில் விட்டாயிற்று. அவள் போகும்போது கொடிக்குக் கை ஆட்டினாள். அப்பாவுக்கு ஆட்டவில்லை.

"பாத்தியா, என்னா வீம்பு!" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வெறும் மரப்பெட்டியை இரண்டு தடவை பார்த்தார்.

எட்டு மணிக்கு அவர் கொடிகளைச் சுற்ற வந்தார். "இன்னைக்கு நண்டு இல்ல. இப்பக் கட்டறேன். சாயங்காலம்வரைக்கும் அசையுதான்னு பாரு."

"அப்பா, ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

"ஏன்?"

"சும்மா பாக்கறதுக்கு."

"கொடியில பாக்கறதுக்கு என்ன இருக்கு? சினிமாவா ஓடுது?" என்றாலும் ஒன்றை விட்டுவிட்டார். மற்ற இரண்டையும் விறுவிறுவென்று சுற்றினார். அந்த விரல்களின் வேகம் பார்க்கப் பார்க்க அழகாக இருக்கும்.

உள்ளே பேக்கரிக்காரரின் மோட்டார் காத்துக்கொண்டிருந்தது. மாவு பிசைகிற இயந்திரத்தின் மோட்டார். சாயங்காலம் தந்தே ஆக வேண்டும். அப்பா வேலையில் மூழ்கினார்.

பெரியவள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கொடி முன்னால் உட்கார்ந்தாள். பார்த்தாள். பார்த்தாள். கொடி சும்மா நின்றது. ஒரு எறும்பு ஏறியது. இறங்கியது. அவளுக்குக் கொட்டாவி வந்தது.

பக்கத்துக் குழாயில் ஒரு தடவை முகம் கழுவிவிட்டு வந்தாள். கொடியின் நுனி இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு தெருவைப் பார்த்த மாதிரி இருந்ததே? அல்லது அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்ததோ?

'ஞாபகத்தை நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது' என்று நினைத்தாள்.

ஒருமுறை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, மருத்துவமனைக் கட்டில்களின் காலில் தொங்கிய தாள்களைப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் எத்தனை, எத்தனை மணிக்கு என்று வரிசையாகப் புள்ளிகள். ஒரு புள்ளியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பளிச்சென்று தெரியும்.

அவள் கடைக்குள் போனாள். "அப்பா, காயிலுக்கு அடியில வைப்பீங்களே, அந்தத் தடிமனான தாள், ஒரு துண்டு வேணும்."

"எதுக்கு?"

"கொடிக்குக் காய்ச்சல் பாக்கப் போறேன்."

"உங்கம்மா வீட்டு ரத்தம்!" என்றார் அப்பா. ஆனால் நல்ல பெரிய துண்டாகவே வெட்டிக் கொடுத்தார்.

தாளில் ஒரு பக்கத்திலிருந்து நடுவரை கீறி, தொட்டியின் மேல் கொடியைச் சுற்றிப் படுக்க வைத்தாள். ஒரு நூலில் சின்ன நட்டு ஒன்றைக் கட்டினாள். கொடியைத் தொடாமல், அதன் நுனிக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்தாள். நட்டு எந்த இடத்துக்கு நேராகத் தொங்கியதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பக்கத்தில் எழுதினாள்: 1. மணி ஒன்பது.

கால் மணி கழித்து மறுபடி நட்டைத் தொங்கவிட்டாள். புள்ளி அதே இடத்தில் விழவில்லை. இரண்டு விரல்கடை தள்ளி விழுந்தது. 2.

"ஏய்!" என்றாள் கொடியைப் பார்த்து. "நீ நடக்கிறியா?"

மூன்று. நான்கு. ஐந்து. ஒவ்வொரு புள்ளியும் முந்தினதிலிருந்து கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் வளைந்து. பதினொரு மணிக்கு வைத்த ஒன்பதாவது புள்ளி, கிட்டத்தட்ட முதல் புள்ளியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. புள்ளிகளைக் கோட்டால் சேர்த்தாள். ஒரு வட்டம். கொஞ்சம் கோணல், ஆனாலும் வட்டம்தான்.

அவளுக்குத் திடீரென்று புரிந்தது. கரண்ட் போனால் நாம் கையை முன்னால் நீட்டி, இப்படியும் அப்படியும் துழாவிச் சுவரைத் தேடுவோம் அல்லவா? கொடி அதைத்தான் செய்கிறது. கண் கிடையாது. கை கிடையாது. நுனியை நீட்டி வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தேடுகிறது.

"எதைத் தேடறே? பிடிச்சுக்க ஏதாவது வேணுமா?"

நண்டுவின் டப்பாவில் இருந்ததிலேயே நீளமான மூங்கில் குச்சியை எடுத்து வந்து, நுனி வரப்போகிற வழியில் மண்ணில் ஊன்றினாள். பிறகு சாப்பிடப் போனாள். அவளுக்கும் பசிக்கும் அல்லவா?

பன்னிரண்டரை மணிக்குக் கொடி குச்சியைத் தொட்டிருந்தது. இரண்டு மணிக்குக் குச்சியின் மறுபக்கத்துக்கு வளைந்திருந்தது. நான்கு மணிக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டு, தோளில் கை போட்ட தோழி மாதிரி நின்றது.

அப்பா காலையில் சுற்றிவிட்ட மற்ற இரண்டும்? இரண்டின் நுனிகளும் நூலை விட்டுக் கழன்று, தனியாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன.

பெரியவள் தாளைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு கடை வாசலில் நின்று, அப்பா அடுத்த மோட்டாருக்காகக் கைப்பிடியைச் சுற்றுவதைப் பார்த்தாள்.

"ஐயோ, அப்பா!" என்றாள்.

"என்ன? எதையாவது உடைச்சிட்டியா?"

"இல்ல. வாங்க. வந்து பாருங்க."

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரரும் வந்து சேர்ந்தார். "தம்பி, மோட்டார் ஆச்சா? ரெண்டு நாளாக் கையால பிசையறேன். தோள்பட்டை கழண்டு மாவோட போயிரும் போலிருக்கு!"

"ஆயிருச்சு அண்ணே. ஒரு நிமிஷம், பொண்ணு எதையோ காட்டணுங்கறா."

மூன்று பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"அப்பா, காலையில சுத்தினீங்களே, இந்த ரெண்டும் அவிழ்ந்திருக்கு."

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்தடிச்சா இது மட்டும் எப்படிக் குச்சியைப் பிடிச்சுக்கிச்சு? யாரும் தொடல. இன்னைக்கு நண்டுவும் இல்ல."

அப்பா குனிந்தார். மூங்கில் குச்சியில் கொடி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அவர் சுற்றியதைவிட இறுக்கமாக.

"இந்தப் புள்ளியை எல்லாம் ஒண்ணுலேர்ந்து வரிசையா விரல் வெச்சுப் பாருங்க."

அப்பா விரல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று...

"கடிகார முள் போற பக்கமாவா போகுது உங்க விரல்?"

"இல்லயே. அதுக்கு எதிர்ப்பக்கம்."

"இப்ப அந்த நூல்ல நீங்க எப்படிச் சுத்துவீங்க? சுத்திக் காட்டுங்க."

அப்பா கொடியைப் பிடித்தார். இருபது வருடம் கைப்பிடி சுற்றிய கை தானாகச் சுழன்றது. கடிகார முள் போகிற பக்கம். பாதிச் சுற்றில் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

பேக்கரிக்காரர் சிரித்தார். "என்ன தம்பி, சுத்தினதே தப்பாமே? என் மிஷின் மாவை உள்ளே இழுக்குமா, இல்ல என் மூஞ்சியில துப்புமா?"

"உங்க மிஷின் ஒழுங்கா ஓடும் அண்ணே. மோட்டார்ல எதிர்ப்பக்கம் சுத்தினா ரெண்டு வயரை மாத்திக் கொடுத்தாப் போதும், சரியாயிரும்."

"இதுக்கு வயர் மாத்த முடியாதுப்பா," என்றாள் பெரியவள் மெதுவாக. "இது எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம்தான் போகும். நீங்க மாத்திச் சுத்தினதால, ராத்திரி பூரா அது அவிழ்த்துக்கிட்டுச் சரியான பக்கமாத் தேடியிருக்கு."

அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். பேக்கரிக்காரர்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அவ பொய் சொல்லல," என்றார் அப்பா.

"இல்ல."

"நாலு நாளா நானே தப்பா சுத்தி, நானே அவளைத் திட்டியிருக்கேன்."

பெரியவள் அப்பாவின் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்தாள்.

"சித்தி வீட்டுக்குப் போலாம்பா."

"அண்ணே, மோட்டாரை நீங்களே..."

"நானே தூக்கிக்கறேன். நீ முதல்ல புள்ளையைப் போய்ப் பாரு!" என்றார் பேக்கரிக்காரர், கழன்றுவிடும் என்று சொன்ன அதே தோளில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு.

சித்தி வீட்டு வாசற்படியில் நண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பழைய சாக்குப்பையின் ஓரத்தைப் பிரித்து மடியில் குவித்து வைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளுடைய விரல்கள் நின்றன.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"என்ன சொல்ல மாட்டே?"

"அவிழ்த்தேன்னு. கடைக்குள்ள விடாட்டியும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னாத்தான் அது பொய்."

அப்பா படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாக்கு நூல் முழுக்க அவர் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. அவர் தட்டிவிடவில்லை.

"நீ சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லணும். நான் தப்பான பக்கம் சுத்திட்டேன்மா. கொடி தானா அவிழ்த்துக்கிச்சு. நீ சொன்னது அத்தனையும் நிஜம்."

நண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினாள்.

"அதுக்குத் தானா அவிழ்க்கத் தெரியுமா?" கண்கள் அகலமாகின.

"தெரியும். தேடவும் தெரியும். பிடிச்சுக்கவும் தெரியும்," என்றாள் அக்கா.

நண்டு மறுபடி அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க தப்பு பண்ணது கொடிக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"யாருக்கு ஜாஸ்தி?"

"உனக்குத்தான்," என்றார் அப்பா.

நண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவருடைய காதைக் கிள்ளிப் பிடித்து, ஒரே ஒரு தடவை இழுத்தாள். நன்றாகவே இழுத்தாள்.

"ஆ!"

"சரி, வாங்க," என்று எழுந்தாள். "கொடிகிட்டயும் சொல்லணும் இல்ல?"

வீட்டுக்கு வந்ததும் அப்பா கொடி முன்னால் மண்டியிட்டார். இந்தத் தடவை சரியான பக்கம் சுற்றிவிட வேண்டும். கொடியைப் பிடித்தார், சுற்றினார்.

"அப்பா! மறுபடியும் அந்தப் பக்கம்!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள்.

"கை கேக்க மாட்டேங்குதே!" என்றார் அப்பா. மறுபடி முயன்றார். கை மறுபடியும் பழைய வழிக்கே போனது. "இருபது வருஷப் பழக்கம்டா கண்ணுகளா. புத்தி இங்க போன்னா, கை அங்க போகுது."

நண்டு அவருடைய பெரிய மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கனமான கைப்பிடியைத் திருப்புவது போல மெல்ல எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். "இப்படி... இப்படி... அவசரப்படாதீங்க, அதுக்கு வலிக்கும்."

ஒரு சுற்று. வார்னிஷ் கறை படிந்த விரல்களுக்குள் கொடி நோகாமல் நூலில் உட்கார்ந்தது. பிறகு இரண்டாவது கொடி.

"போதும்பா," என்றாள் பெரியவள். "இழுத்துக் கட்ட வேண்டாம். நூல் பக்கத்துல இருக்குன்னு காட்டினாப் போதும். மிச்சத்தை அதுவே பாத்துக்கும்."

"நிஜமாவா?"

"உக்காந்து பாருங்க."

அப்பா சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் முக்காலியில் உட்கார்ந்தார். நண்டு உள்ளே போய்த் தன் மரப்பெட்டியை இழுத்து வந்து, அவர் முழங்காலை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். பெரியவள் படியில் உட்கார்ந்தாள். மூன்று பேரும் நுனியையே பார்த்தார்கள்.

அம்மா வேலை முடிந்து தெருமுனை திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடை திறந்து கிடக்கிறது. உள்ளே யாரும் இல்லை. வாசலில் மூன்று பேர் அசையாமல் ஒரு பழைய மோட்டார் கூட்டை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன ஆச்சு? மூணு பேரும் என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"உஷ்!" என்றார் அப்பா. "நாங்க ஒண்ணும் பண்ணல. அதுதான் பண்ணிட்டிருக்கு."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "தள்ளி உக்காரு, நண்டு," என்றாள்.

நண்டு தள்ளி உட்கார்ந்து, பெட்டியில் பாதி இடம் கொடுத்தாள்.